ஓட்டுநரைப் பொறுப்பாளர் ஆக்கிய காகிதம்

அவைக்குத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, சக்கரத்தோடு சக்கரமாய்ச் சுழன்று இடுப்பொடிந்த பெரியவர்களே, லாரிச் சத்தம் கேட்டாலே கதவுக்கு ஓடும் தாய்மார்களே, இடமில்லாமல் நின்று கேட்கும் தம்பிமார்களே, கம்பெனிக்குச் சேதி சொல்ல வந்திருக்கும் ஐயா அவர்களே!

யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். அவர் யாரென்று எனக்கும் தெரியாது. ஆனால் வராமல் இருக்க மாட்டார். அவருக்கும் என் வணக்கம்.

நான் ஐந்தாவதோடு படிப்பை விட்டவள். என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. பதினெட்டு வருஷம் அவர் ஓட்டுநர். வண்டி ஓடினாலும் கூலி, கிடங்கு வாசலில் காத்துக் கிடந்தாலும் கூலி. தார்ப்பாய் கட்டத் தனியாக ஓர் ஆள். எல்லாம் இந்தச் சங்கம் வாங்கித் தந்தது.

போன வருஷம் மேனேஜர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு காகிதம் கொடுத்தார். அதை இவர் வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார்.

"இனிமே நான் டிரைவர் இல்லையாம், வாகனப் பொறுப்பாளராம். எனக்கென்னமோ இடிக்குதுடி."

"உங்களுக்கு நல்லது நடந்தாலே சந்தேகந்தான். டிரைவர் பொண்டாட்டின்னே எத்தனை நாளைக்குச் சொல்லிக்கிட்டுத் திரியறது? போடுங்க கையெழுத்த!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பேனாவை எடுத்துக் கொடுத்தவளே நான்தான்.

பெயர் வளர்ந்தது, பிழைப்பு தேய்ந்தது. காத்திருந்த நேரத்துக்குக் கூலி கேட்டால், "நேரத்தைப் பாத்துக்கறது உங்க பொறுப்பு." டயர் வெடித்தால், "வண்டி உங்க பொறுப்பு." தார்ப்பாய் கட்ட ஆள் எங்கே என்றால், "சரக்கும் உங்க பொறுப்புதானே!" சங்கத்தின் ஒப்பந்தத்தைக் காட்டினால், "அது ஓட்டுநருக்கு. நீங்கதான் ஓட்டுநர் இல்லையே!"

ஒரு மத்தியானம், லோடுமேல் ஏறித் தனியாகத் தார்ப்பாய் இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

கம்பெனி எனக்கு என்ன எழுதியது தெரியுமா? தார்ப்பாய் கட்டுவது பொறுப்பாளரின் வேலை இல்லையாம். அதனால் அது வேலையில் நடந்த விபத்தும் இல்லையாம்!

மூச்சிருந்தவரை எல்லாமே அவர் பொறுப்பு. மூச்சு நின்றதும் எதுவுமே அவர் வேலை இல்லை. அப்படியானால் அந்த லோடுமேல் ஏறிய மனிதர் யார்? வழிப்போக்கரா? வேடிக்கை பார்க்க ஏறினாரா?

தலைவர் அண்ணன் கோபிக்கக் கூடாது. கையெழுத்து வாங்கிய அன்றைக்குச் சங்கம் எங்கே போனது என்று உங்களையும் கேட்டேன். "ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிட்டாங்கம்மா, எங்களுக்கே தெரியல" என்றீர்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன். நல்ல காகிதம் என்றால் நாலு பேருக்கு நடுவில் நீட்டலாமே! ஏன் கதவைச் சாத்திக்கொண்டு நீட்ட வேண்டும்?

இப்போது மிச்சமிருக்கும் ஓட்டுநர்கள் உங்களுக்கும் ஒரு காகிதத்தில் புதுப் பெயர் வந்திருக்கிறது. "பயணப் பங்காளர்." காதுக்குக் கற்கண்டாக இருக்கிறது. எதில் பங்கு? லாபத்திலா, நஷ்டத்திலா?

என்ன தம்பி? "நஷ்டத்துலதான் அக்கா"வா? நீ பிழைத்துக்கொள்வாய்!

அந்தக் காகிதத்தை ஏற்பதா, மறுப்பதா என்று தலைவர் இப்போது கேட்கப் போகிறார். நான் சட்டம் படித்தவள் இல்லை. சந்தேகப்படத் தெரியாமல் புருஷனைப் பறிகொடுத்தவள். சந்தேகப்படுங்கள்! சம்பளத்தை உயர்த்தாமல் பெயரை மட்டும் உயர்த்துகிறவனைச் சந்தேகப்படுங்கள்! தோளில் கைபோட்டுத் தனியாக அழைப்பவனைச் சந்தேகப்படுங்கள்! எங்களுக்குப் பங்காளர் வேண்டாம். பத்திரமாக வீடு திரும்பும் ஓட்டுநர் போதும்.

மறுப்பவர்கள் கையைத் தூக்குங்கள். பின்னால் நிற்பவர்களும்தான். இன்னும் உயரமாக!

அண்ணே, நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். எனக்குக் கண்ணை மறைக்கிறது.

படிக்காதவள் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட எல்லோருக்கும் நன்றி. ஓட்டுநர்களே, உங்களுக்கு என் வணக்கம்.