‘யார் பேரைப் போடுவது?’ என்று கேட்ட குணாளனுக்கு

பசையும் பலகையும் பணிவும் துணையாகப் பாயான் பாருவின் பதினான்கு மாடிகளைப் பாங்குடன் காத்த பண்பாளரே! மலாயும் தமிழும் சீனமும் முத்து முத்தாய் அச்சடித்து, தண்ணீர் நிற்கும் நாளையும் லிஃப்ட் பழுதாகும் நேரத்தையும் முந்நூறு வீட்டாருக்கு முன்கூட்டியே சொன்ன முதுநிலை எழுத்தரே! எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நின்று வாசித்துக் காட்டிய நெஞ்சினரே! இருபத்தொன்பது ஆண்டுகள் ஒரே நாற்காலியில் அமர்ந்து, ஒருநாளும் அந்த நாற்காலியை அதிகாரம் என்று எண்ணாத ஐயா குணாளன் அவர்களே! உடன் உழைத்த எங்கள் அனைவரின் வணக்கம்!

பாராட்டு மடல் என்றால் ‘நீங்கள், நீங்கள்’ என்று புகழ்ந்துகொண்டே போய் மாலை போட்டு முடிப்பது வழக்கம். இது அப்படிப் போகாது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலருக்கு நடந்தது தெரியாது. தெரிந்த சிலர் வரவில்லை. ஆகவே இனி உங்களை ‘அவர்’ என்றே குறித்து, நடந்ததை நடந்தபடி சொல்கிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் செய்த தவற்றைச் சொல்ல வேண்டும். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒருநாள் அலுவலகக் கதவின் கீழே ஒரு தாள் கிடந்தது. ‘பத்தாம் மாடி ஏழாம் எண் வீட்டில் நோய் இருக்கிறது. யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.’ எழுதியவர் பெயர் இல்லை. நல்லதற்குத்தானே என்று எண்ணி அவர் அதை மூன்று மொழியிலும் அடித்து, அலுவலக முத்திரை குத்தி, லிஃப்ட் கதவில் ஒட்டினார். அன்று மாலை முதல் அந்த வீட்டு வாசலில் ரொட்டி வைக்கக்கூட ஆள் வரவில்லை. உள்ளே கணவன் மனைவி இருவருக்கும் காய்ச்சல். ஒன்பதாம் நாள் கணவர் அர்ஜுனன் மருத்துவமனையில் இறந்தார். மனைவி லெட்சுமி பிழைத்து, தனியாகத் திரும்பி வந்தாள். நோட்டிஸ் அப்போதும் அங்கேயே இருந்தது.

அவர் அதை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டு பத்தாம் மாடிக்குப் போனார். கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, “அக்கா, அத ஒட்டுனது நான்தான். யாரு கொடுத்தாங்கன்னு கேக்காம ஒட்டிட்டேன்,” என்றார். லெட்சுமி உள் கதவைச் சாத்தினாள். அவருக்காக அது மறுபடி திறக்க ஒரு வருடம் ஆயிற்று. அந்த லெட்சுமிதான், பிறகு துப்புரவுப் பிரிவில் சேர்ந்து, இன்று இம்மடலை எழுதுகிறாள். ஆகையால் இதில் பூசி மெழுகிய புகழ்ச்சி எதுவும் கிடையாது.

கதவு சாத்தப்பட்ட மறுநாளே அவர் ஒரு விதி வைத்தார். எந்த அறிவிப்பானாலும், கேட்டவரின் பெயரும் வீட்டு எண்ணும் அடியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டமாட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

“தண்ணி நிக்கிறதுக்கும் பேரு வேணுமா அண்ணே? தண்ணிகிட்டயே கேட்டு வாங்குங்க லா!”

“அதுக்கு என் பேர போட்டுக்கிறேன். வேற எதுக்கும் என் பேரு கிடைக்காது,” என்றார்.

சென்ற ஆண்டு பதினோராம் மாடி பன்னிரண்டாம் எண் வீட்டுக்கு ரோஹானா வந்தாள். மியன்மாரிலிருந்து உயிர் தப்பி வந்த ரோஹிங்யா பெண், கையில் ஐ.நா. அகதி அட்டை, கணவன், மூன்று பிள்ளைகள். வீட்டின் உரிமையாளர் ஒப்பந்தம் எழுதித்தான் வாடகைக்கு விட்டார். அவர்கள் சாமான் ஏற்றிய அன்றே நம் வாட்ஸாப் குழு கொதிக்கத் தொடங்கிவிட்டது. செருப்பு காணோம், அவர்கள்தான். லிஃப்ட் நாறுகிறது, அவர்கள்தான். லிஃப்ட் பத்து வருடமாக நாறுகிறது. கழுவுகிறவர்கள் நாங்கள், எங்களுக்குத் தெரியாதா? நாற்பது வருடமாகத் தன் தாயாருக்குச் சிவப்பு ஐசி, குடியுரிமைக்கான நீல அடையாள அட்டையாக மாறவில்லையே என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அழுத ஒரு பெண்மணி, “இவங்களுக்கு இங்க என்ன வேல?” என்று எழுதினார். அதைக் குணாளன் ஐயாவும் வாசித்தார். ஆனால் அவர் குழுவில் ஒன்றும் எழுதவில்லை; அவர் பதில் எப்போதும் மேசையில்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை குடியிருப்புச் செயற்குழுத் தலைவர் தனேஷ் ஒரு தாளை அந்த மேசையில் வைத்தார். ‘பதினொன்று பன்னிரண்டு’ வீட்டார் ஏழு நாளில் காலி செய்ய வேண்டுமாம். அடியில், ‘இப்படிக்கு, குடியிருப்பாளர்கள்.’

“மூணு மொழியிலயும் அடிச்சு எல்லா மாடியிலயும் ஒட்டிருங்க அண்ணே.”

“யார் பேரப் போடுறது?”

“அதான் இருக்கே, குடியிருப்பாளர்கள்.”

“அவங்க எத்தனாம் நம்பர் வீடு தம்பி?”

“வெளாடாதீங்க அண்ணே. அறுபத்திமூணு பேரு குரூப்ல கட்டவிரல் தூக்கியிருக்காங்க.”

“தூக்குன விரலால ஒரு பேனாவ புடிக்கச் சொல்லுங்க. ஒருத்தர் போதும். இல்ல, உங்க பேரப் போட்டுரவா?”

“நான் தலைவர் லா! நான் எப்படி? நான் எல்லாருக்கும் பொதுவான ஆளு.”

“பதினொன்னு பன்னெண்டுக்குமா?”

தனேஷ் தாளை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு ரோஹானாவும் வந்தாள். எல்லாக் குடியிருப்பாளரும் வருக என்று அறிவிப்பில் இருந்தது. அவள் நம்பி வந்துவிட்டாள். கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றாள். அவர் எழுந்து அந்தத் தாளை மூன்று மொழியிலும், ஒரு சொல் விடாமல் வாசித்தார். அவள் முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லிப் பார்க்கட்டும் என்றுதான் வாசித்தார். பிறகு பேனாவைத் திறந்து மேசையில் வைத்தார்.

“கையெழுத்துப் போடுறவங்க வாங்க. இப்பவே ஒட்டிர்றேன்.”

அறுபத்திமூன்று பேரில் ஒருவர் எழவில்லை. ஒருவர் கைப்பேசியைப் பார்த்தார், ஒருவர் கூரையைப் பார்த்தார். ஐயா, வீரம் எல்லாம் விரல் நுனியில்தானா? ஒரு தாயை மூன்று பிள்ளைகளோடு தெருவில் நிறுத்தத் துணிந்த ஊருக்கு, தன் பெயரை எழுதத் துணிவில்லையா?

நோட்டிஸ் ஒட்டப்படவில்லை. ஆனால் அடுத்த வாரம் ரோஹானா வீட்டின் லிஃப்ட் கார்டு வேலை செய்யவில்லை. யார் முடக்கினார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அவள் தண்ணீர்ப் போத்தலும் பிள்ளையுமாகப் பதினோரு மாடி ஏறினாள். அவர் தம் கார்டை அவளிடம் கொடுத்துவிட்டார். மூன்று மாதமாக அறுபது வயதுக் கால்களோடு அவர் படியேறித்தான் மாடி மாடியாக அறிவிப்பு ஒட்டுகிறார். கார்டைக் கொடுத்ததற்காக அவருக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ‘இப்படிக்கு, நிர்வாகம்.’ அவர் பென்சிலால் ‘பெயர்?’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். இன்றுவரை பதில் இல்லை.

இந்தப் பணி ஓய்வு விழாவுக்கும் மண்டபம் தருவதாகத்தான் சொன்னார்கள், அந்தக் குடும்பம் வரக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. மண்டபத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டோம். அதனால்தான் வண்டி நிறுத்துமிடத்தில், மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நாற்காலி போட்டிருக்கிறோம். ரோஹானா இரண்டாம் வரிசையில் இருக்கிறாள்.

உங்களுக்கு இனி முழங்கால் வலி குறையட்டும் ஐயா. துணைவியார் காமினி அம்மையாரோடு காலை நடையும் கடற்காற்றும் நல்ல தூக்கமும் நிறைந்து, நூறாண்டு நலமுடன் இருங்கள். மன்னிப்புக் கேட்க மாடியேறி வந்த மனிதர் என்று இந்த ஃப்ளாட் உங்களை நினைக்கும். நினைக்காவிட்டால் நாங்கள் நினைக்க வைப்போம்.

ஒரு செய்தி உங்களுக்கு இன்னும் தெரியாது. நாளைக் காலை உங்கள் நாற்காலியில் உட்காரப்போகும் ஃபஸீலாவிடம் தலைவர் நேற்று வந்தார். அதே தாள். “பெரியவரு போகப்போறாரு. நீங்க ஒட்டிருவீங்கதானே தங்கச்சி?” என்று கேட்டார்.

அவள் தாளை வாங்கி, கணினியைத் திறந்து, விரல்களை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒட்டிர்றேன் அண்ணே. பேரு சொல்லுங்க.”

தலைவர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்பும் மதிப்பும் மாறாத உங்கள் உடன் பணியாளர்கள்,

லெட்சுமி அர்ஜுனன், துப்புரவுப் பிரிவு
ஃபஸீலா, அலுவலகம்
இக்மல், காவல் பிரிவு
ஹபீப் முகம்மது, பழுதுபார்ப்புப் பிரிவு

பாயான் பாரு, பினாங்கு