ஏழு மாதச் சிரிப்பு

என் வீட்டுக்காரருக்கு ஆடத் தெரியும் என்பது கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது சார். சிரிக்காதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பம்.

அவர் பஸ் டிரைவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். நான் ஒரு கிளினிக்கில் மருந்து ஜன்னலில் உட்கார்ந்து, டாக்டர் எழுதியதை எடுத்துக் கொடுப்பவள். போன வருஷம் ஊரெல்லாம் பரவிய அந்த வைரஸ் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது.

"ஸ்டீராய்டு மட்டும் இப்ப வேணாம்மா. மூச்சு நல்லா இருக்கு. ஆரம்பத்துலயே குடுத்தா உடம்போட எதிர்ப்பைத்தான் அடக்கும்" என்றார் எங்கள் டாக்டர். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? நோயாளிகள் பாதி தின்று திருப்பிக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை அட்டைகள் என் இழுப்பறையில் குவிந்து கிடந்தன. இரண்டாம் நாளே பொடித்துக் காபியில் கலந்துவிட்டேன்.

அடேயப்பா, அந்தச் சாயங்காலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. மனுஷர் எழுந்து வீடு முழுக்க ஒட்டடை அடித்தார், ரேடியோவைத் திருகினார், துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று ஆடினார்.

"ஏய் கண்ணு, நீ இவ்ளோ அழகா? யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்துச் சிரித்து விலா வலித்தது.

அட்டை தீர்ந்து நிறுத்தியதும் துவண்டு விழுந்தார். மூட்டு வலி, மூச்சிரைப்பு, பழையபடி ஊமைச்சாமி. "வைரஸ் போனாலும் இந்த அசதி சில மாசம் இழுக்கும். ஓய்வெடுத்தா தானா சரியாகும்" என்றார் டாக்டர். சில மாசமா? பத்தொன்பது வருஷம் காத்திருந்தவள் சார் நான். மறுநாளே வேறு அட்டைகளோடு வீட்டுக்குப் போனேன்.

ஏழு மாதம். எங்களுக்குத் தேன்நிலவே அதுதான். முகம் உப்பியது, பூரிப்பு என்றேன். தொட்ட இடமெல்லாம் கன்றியது, சர்க்கரை ஏறியது. கை நடுங்குகிறதென்று பஸ்ஸிலிருந்து இறக்கி ஆபீசில் உட்கார வைத்தார்கள். அதனாலென்ன, சீக்கிரம் வீட்டுக்கு வந்தார்.

போன வாரம் நுரையீரலில் கிருமி. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வார்டுக்குள் என் காபியை விடவில்லை. மூன்றாம் நாள் காலை ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கியது.

"ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிட்டுட்டு இருந்தாராம்மா? திடீர்னு நின்னா இப்படி ஆகும். தெரிஞ்சா இப்பவே ஊசி போட்டுக் காப்பாத்திடலாம்" என்று கேட்டார் டாக்டரம்மா.

எனக்குத் தெரியாததா? ஆனால் சொன்னால் என்ன செய்வார்கள்? பிழைக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அந்த ஊமைச்சாமியைத்தானே திருப்பித் தருவார்கள். "இல்லீங்க" என்றேன். மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் அதையே சொன்னேன். மத்தியானம் போய்ச் சேர்ந்தார்.

ஆமாம் இன்ஸ்பெக்டர் சார், நான்தான். ஆனால் கடைசிவரை அவரைச் சந்தோஷமாக வைத்திருந்தேன், அதையும் எழுதுங்கள். போன மாதம் ஒரே ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னால சிரிப்பை நிறுத்த முடியல கண்ணு. உள்ளுக்குள்ள பயமா இருக்கு. தூங்கிப் பத்து நாளாச்சு, எதையாவது பண்ணி என்னைக் காப்பாத்தேன்" என்று அழுதார். அதுவும் விளையாட்டுக்குத்தான். அந்த ஏழு மாதமும் அவருக்கு எப்போதும் தமாஷ்தான் சார்.