இசாமுகள் எழுந்தபோது எழாத ஒருவர்

ஆண்டு தவறாமல், அரை நிமிடமும் தவறாமல் இசாமு என்று பெயர் கொண்டவர்கள் மட்டுமே கூடும் இந்த அவையை நடத்திவரும் ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி, அவைத்தலைவர் கிதாமுரா இசாமு அவர்களே! அவருக்கு வலப்பக்கம் அமர்ந்து, வந்த கொட்டாவியை வாய்க்குள்ளேயே வளைத்துப் பிடித்திருக்கும் துணைத்தலைவர் ஓனோதெரா இசாமு அவர்களே! இடப்பக்கம் பொருளாளர் இசாமு அவர்களே! ஒலிபெருக்கிக்காரர் இசாமு அவர்களே! அது கீச்சிடுகிறது, கொஞ்சம் கவனியுங்கள் இசாமு அவர்களே! வடக்கின் பனியிலிருந்தும் தெற்கின் வெயிலிலிருந்தும் வந்து குவிந்திருக்கும் இசாமுப் பெரியோர்களே! ஓர் இசாமுவைக் கட்டிக்கொண்ட ஒரே குற்றத்துக்காக இத்தனை இசாமுகளையும் பொறுத்துக்கொள்ளும் தாய்மார்களே! அகிதாவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் சுகவாரா இசாமு உங்கள் அனைவர் முன்னும் தலை தாழ்த்துகிறேன்.

என்ன அங்கே? சுருக்கமாகவா? ஐயா, என்னை அவசரப்படுத்தினால் காது போய்விடும். என் கடைக்கு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்!

இசாமு! அடடா, என்ன பெயர் ஐயா அது! வீறுகொண்டு எழுபவன், வெற்றிமுகம் காட்டுபவன், வெள்ளமே வந்தாலும் விலகாதவன் என்று எண்ணி எண்ணி இன்புற்று நம்மைப் பெற்றவர்கள் வைத்த பெயர். எழுந்தோமா? விலகாமல் நின்றோமா? பல் பிடுங்கப் போய், மருத்துவர் ஊசியை எடுத்ததும் கழுத்தில் கட்டிய துணியோடு கடைத்தெருவில் ஓடிய இசாமு இந்த அவையில் இருக்கிறாரா, இல்லையா? ஐயா, முகத்தை மூடாதீர்கள். நான் பெயர் சொல்லவில்லையே! சொன்னால்தான் என்ன, யாரென்று கண்டுபிடித்துவிடுவார்களா?

சிரித்தது போதும். வாசலில் ஒரு மனிதர் பெட்டியைக் கட்டி, ஷூவையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரயிலடிக்குப் போகும் விடுதி வேன் வந்ததும் ஏறிவிடுவார். இனி நம் பக்கம் தலைவைத்துப் படுக்கப் போவதில்லை. அவரைப் போகவிடுவதா, பிடித்து நிறுத்துவதா? வேன் வருவதற்குள் இந்த அவை சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறார்கள்.

நேற்று மாலை நடந்ததை ஆண்கள் அறிவீர்கள். தாய்மார்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தீர்கள், ஆகவே சொல்கிறேன். இந்த விடுதியின் வெந்நீர்க் குளத்தில் நாங்கள் எல்லோரும் கழுத்துவரை அமிழ்ந்திருக்கிறோம். தலையில் ஆளுக்கொரு சின்னத் துண்டு. உலகக் கவலை ஒன்றுமில்லை. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து, நம் தலைவரின் துணைவியார் ஃபுமிகோ அம்மையாரின் வெண்கலக் குரல், சுவர் தாண்டி வந்தது.

"இசாமு சான்! நான் கிளம்பிட்டேன், நீங்களும் வெளிய வாங்க!"

எல்லா வீட்டிலும் நடப்பதுதானே? மனைவி குரல் கொடுத்தால் கணவன் எழ வேண்டும், இல்லையென்றால் குளிரில் காத்து நின்றவளுக்கு இரவெல்லாம் பதில் சொல்ல வேண்டும். எழுந்தார் தலைவர். அவரோடு எழுந்தார் துணைத்தலைவர். எழுந்தார் பொருளாளர். எழுந்தேன் நான். கலியாணமே ஆகாத இசாமுவும் எழுந்தார் ஐயா! ஒரே மூச்சில், ஒரே அலையில், அத்தனை இசாமுகளும் எழுந்து நின்றோம். குளத்தில் தண்ணீர் பாதியாகிவிட்டது. அந்தக் காட்சியை வருணிக்கச் சொல்லாதீர்கள், தாய்மார்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஒருவர் மட்டும் எழவில்லை! பாதித் தண்ணீரில், கண்ணை மூடி, வெந்நீரில் போட்ட முட்டைபோல அசையாமல் கிடந்தார். யார்? நம் நராசாகி இசாமு! ஆவோமோரியிலிருந்து மூன்று வருடமாக வருகிறவர். வரும்போதெல்லாம் நமக்குக் கணவாய்க் கருவாடு கொண்டுவருகிறவர். காரணமே இல்லாமல் "இசாமு! ஏய், இசாமு!" என்று கூப்பிட்டு, நாம் திரும்பினால் "சும்மாதான்" என்று சிரிக்கிறவர். ஊரையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மனிதருக்குத் தன் பெயர் காதில் விழவில்லையா? எனக்குச் சுருக்கென்றது.

உடைமாற்றும் அறையில், குளித்தபின் வழக்கமாகக் குடிக்கும் குளிர்ந்த பால் புட்டி ஆளுக்கொன்றோடு அவரைச் சுற்றி நின்றோம். தலைவர் கேட்டார், "நராசாகி சான், உங்களுக்குக் காது மந்தமா?"

"இல்லைங்க, நல்லாக் கேக்குது."

"அப்ப ஏன் எழுந்திருக்கல?"

"என்னைக் கூப்பிடலையே?"

நான் பொறுமைசாலி அல்ல, உங்களுக்குத் தெரியும். "யோவ்! உண்மையைச் சொல்லும், உம்ம பேர் என்ன?" என்று பாய்ந்தேன்.

அவர் பால் புட்டியைப் பார்த்தபடி நின்றார். "தெட்சுவோ," என்றார்.

தெட்சுவோ! இசாமுகள் சங்கத்தில் தெட்சுவோ! பொருளாளருக்குப் புரையேறிப் பால் மூக்கு வழியாக வந்தது. துணைத்தலைவர் இடுப்பில் துண்டோடு குதித்தார். "சட்டம்னா சட்டம்! இன்னைக்கு ஒரு தெட்சுவோ வருவான், நாளைக்கு ஒரு யோஷிஹிதே வருவான், அடுத்த வருஷம் அத்தனை பேரும் வந்து நம்ம விருந்து நண்டைத் தின்னுட்டுப் போவாங்க! ஏன்யா, ஊர்ல உங்க பேர்ல ஒரு சங்கம் கெடைக்கலையா?"

அப்போது அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"இசாமு எங்க அண்ணன் பேருங்க. இருபத்திரண்டு வயசுல, கணவாய் பிடிக்கிற போட்டுல போனான். போட்டும் வரல, அவனும் வரல. அம்மா தாங்க மாட்டாங்கன்னு அப்பா சொல்லிட்டார், இனிமே இந்த வீட்டுல அந்தப் பேரை யாரும் எடுக்கக் கூடாதுன்னு. நாங்களும் எடுக்கல. அப்பா போயிட்டார், அம்மாவும் போயிட்டாங்க. அதுக்கப்புறம் எடுத்திருக்கலாம், ஆனா வாயில வரல. யார்கிட்டச் சொல்றது? அவனைத் தெரிஞ்சவங்க யாரும் மிச்சம் இல்ல. அப்பத்தான் பேப்பர்ல பார்த்தேன், இசாமுங்க எல்லாம் ஒண்ணா கூடுறாங்கன்னு. வாசல்ல நின்னு கொஞ்ச நேரம் கேட்டுட்டுப் போயிடலாம்னுதான் வந்தேன். ஒருத்தர் ஓடிவந்து, 'வாங்க இசாமு, நேரமாச்சு, உள்ள வாங்க'ன்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டார். இல்லைன்னு சொல்ல மனசு வரல."

கையைப் பிடித்து இழுத்தவர் யார்? நம் அவைத்தலைவர்தான்! பெயரைக் கேட்டாரா? இல்லை. கூட்டம் தாமதமாகிறதே என்று பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். தலைவரே, கோபிக்காதீர்கள், நடந்ததைத்தானே சொல்கிறேன்?

நான் கேட்டேன், "அது சரி, என்னை எதுக்குய்யா சும்மா சும்மா கூப்பிட்டீரு?"

"கூப்பிட்டா யாராவது திரும்பிப் பார்க்குறாங்களே, அதான்."

தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். குளித்துக் காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. நானும் துடைத்துக்கொண்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் நராசாகி ரோஷக்காரர். "பொய் சொல்லி உட்கார்ந்தது தப்புதான், மன்னிச்சிடுங்க" என்று ஆழக் குனிந்து வணங்கிவிட்டுப் பெட்டி கட்டப் போய்விட்டார்.

துணைத்தலைவர் அவர்களே, உங்கள் கேள்வி இன்னும் உங்கள் புருவத்தில் நிற்கிறது. சட்டம் என்னாவது? கேளுங்கள், சட்டத்துக்கே வருகிறேன்! இசாமு என்ற பெயருடையவரே உறுப்பினர். ஒப்புக்கொள்கிறேன். தெட்சுவோ உறுப்பினர் ஆக முடியாது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதோ, முன்வரிசையில் வீற்றிருக்கும் தோகியே அம்மையாரைப் பாருங்கள். மொரியோகா இசாமுவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, படுக்கையில் கிடக்கிறார். அவருக்குப் பதிலாக அம்மையார் வந்தார். அவர் இருக்கையில் அமர்ந்தார். அவர் பங்கு நண்டை உண்டார். அவர் பங்கு சாக்கே மதுவையும் அருந்தி, பக்கத்து இசாமுவின் பங்கிலும் கொஞ்சம் உதவினார்! அம்மையாரின் பெயர் இசாமுவா? எழுந்து போ என்று யாராவது சொன்னோமா? சொல்லும் தைரியம்தான் யாருக்காவது உண்டா?

கலியாண வீட்டில் நடக்கவில்லையா இது? சாவு வீட்டில் நடக்கவில்லையா? வர வேண்டியவர் வர முடியாவிட்டால் வீட்டிலிருந்து ஒருவர் வருகிறார். வாசலில் வராதவரின் பெயரைத்தானே எழுதுகிறார்? வராதவரின் இடத்தில்தானே உட்காருகிறார்? அதைப் பொய் என்று யாராவது சொன்னதுண்டா? முறை என்கிறோம், மரியாதை என்கிறோம், மறக்காமல் ஆள் அனுப்பினாரே என்று மனம் குளிர்கிறோம்!

ஆகவே, அவையோரே, சங்கச் செயலாளர் என்ற முறையில் ஒரு தீர்மானம் முன்மொழிகிறேன். நம் உறுப்பினர் நராசாகி இசாமு. ஊர் ஆவோமோரி. வயது இருபத்திரண்டு. கடலுக்குப் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. எனவே அவருக்குப் பதிலாக அவருடைய தம்பி வந்திருக்கிறார்.

எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம். ஒருவருமில்லையா? துணைத்தலைவர் அவர்களே, கை தூக்கச் சொன்னால் எழுந்து எங்கே ஓடுகிறீர்கள்? வாசலுக்கா? வேன் சத்தம் கேட்கிறது, ஓடுங்கள் ஐயா, ஓடுங்கள்! பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வாருங்கள்!

இங்கே வந்து சேர்ந்தவர்களுக்கும், வர முடியாமல் ஆள் அனுப்பி வைத்தவர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.