படுக்கையறை ஜன்னலுக்கு எந்தத் துணி

– அந்தக் கறுப்புத் துணியக் கீழ வைங்கண்ணே. முதல்ல நான் சொல்றதக் கேளுங்க.

– வைக்காதீங்க மாஸ்டர். கையிலயே வச்சுக்கிட்டு அளவெடுங்க. ஆர்டர் கொடுத்தது நான்.

– ஆர்டர் கொடுத்தது நீங்க. படுக்கறது ரெண்டு பேரு.

– சார், மேடம், நமக்கு ரெண்டும் ஒண்ணுதான். கறுப்பு கேட்டா கறுப்பு, வெள்ளை கேட்டா வெள்ளை. இருபத்திரண்டு வருஷமா ஜன்னலுக்குத் துணி தைக்கறேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல. ஆனா ஒரு ஜன்னலுக்கு ஒரு துணிதான் மாட்ட முடியும். யாராவது ஒருத்தர் சொல்லிடுங்க.

– நான் சொல்றேன். சிம்பிள். எனக்கு ரூம் இருட்டா இருக்கணும். கைய மூஞ்சிக்கு நேரா நீட்டினா கை தெரியக்கூடாது. அவ்வளவுதான்.

– கேட்டீங்களாண்ணே? இவருக்கு இவர் கையே தெரியக்கூடாதாம். பக்கத்துல பொண்டாட்டி கிடக்கறது எங்க தெரியப்போகுது.

– ஆரம்பிச்சுட்டா. மாஸ்டர், நீங்களே இந்த ஜன்னலப் பாருங்க. வெளியில தெரு விளக்கு. பொழுது சாஞ்சதும் எரிய ஆரம்பிச்சா நேரா என் தலைகாணி மேலதான் அடிக்குது. அது அணைஞ்சதும் சூரியன் வந்து உக்காந்துக்குது. நடுவுல நான் எப்பத் தூங்கறது? பதிமூணு வருஷம் கப்பல்ல இன்ஜின் மெக்கானிக்கா இருந்தவன் நான். படுக்கற கேபினுக்கு ஜன்னலே கிடையாது, தண்ணிக்குக் கீழ. லைட்ட அணைச்சா அணைச்சதுதான். கண்ணத் திறந்தாலும் மூடினாலும் ஒண்ணு. அதுல பழகின உடம்பு இது.

– ஆமா ஆமா, அதுல பழகின உடம்பு. வீட்டுக்கு வந்து அஞ்சு மாசமாச்சு. இன்னும் வீட்டுல பழகல.

– நீ பழக விட்டாத்தானே!

– நான் என்னங்க பண்ணேன்? சூரியனுக்கு நானா போன் போட்டு வரச் சொன்னேன்?

– சார், டேப்ப அந்த முனையில கொஞ்சம் பிடிங்க. இன்னும் மேல. அங்கதான். அகலம் அறுபத்தி மூணு.

– அண்ணே, நானும் இந்த ரூம்ல பதிமூணு வருஷம் தனியாப் படுத்தவதான். எனக்கு அந்தத் தெரு விளக்குதான் துணை. அந்த மஞ்ச வெளிச்சம் சுவத்துல விழுந்தாத்தான் கண்ணு சொருகும். காலையில வெயில் கன்னத்துல பட்டாத்தான் எழுந்திரிப்பேன். ஒரு நாள் அலாரம் வச்சதில்ல. ஸ்கூல் வேன் ஓட்டறேன் நான். ஒரு நாள் லேட்டா போனதில்ல.

– அப்ப நான் லீவுல வந்தப்பெல்லாம் எப்படித் தூங்கின? அப்ப ஜன்னல்ல போர்வைய மாட்டுவேன், வாயத் திறக்க மாட்டியே.

– வருஷத்துக்கு ரெண்டு மாசம் வர்ற விருந்தாளிகிட்ட வாயத் திறப்பாங்களா? சரி, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன். நல்ல சுவத்துல ஆணி வேற அடிச்சாரு அண்ணே. அந்த ஓட்டையப் பாருங்க.

– பாத்தேன் மேடம். அதுலயே ராடு மாட்டிடலாம். நமக்கு ஒரு வேலை மிச்சம்.

– இப்ப நான் விருந்தாளி இல்ல. இது என் வீடு. என் வீட்டுல நான் தூங்கணும்.

– தூங்குங்க. யாரு வேண்டாம்னா? கண்ணுக்குக் கட்டிக்கற பட்டை வாங்கிக் கொடுத்தேனே, அத எங்க?

– அது தூக்கத்துல வழுக்கிக் கழுத்துக்கு வந்துடுது. காலையில கண்ணாடியப் பாத்தா வண்டி மாடு மாதிரி இருக்கேன்.

– ஹால் சோபாவுல படுங்கன்னேன்.

– பதிமூணு வருஷம் தனியாப் படுத்தது போதாதா? வீட்டுக்கு வந்தும் சோபாவா?

– இப்படிப் பேசினா மட்டும் நல்லாயிருக்கு.

– சார், ஒரு யோசனை சொல்லவா? போன வருஷம் ஒரு வீட்டுல இதே பிரச்சனை. அந்தம்மாவுக்கு வெளிச்சம், அவருக்கு இருட்டு. பாதி ஜன்னலுக்குக் கறுப்பு, பாதிக்கு வெள்ளைன்னு தைச்சு மாட்டினேன்.

– அருமை! தூங்கினாங்களா?

– அது தெரியல சார். இப்ப ரெண்டு பேரும் தனித்தனி வீட்டுல இருக்காங்க. ரெண்டு வீட்டுக்கும் நான்தான் துணி.

– நல்லா சொன்னீங்கண்ணே, போங்க.

– பாருங்க மேடம், உண்மையச் சொல்றேன். இந்தக் கறுப்பு மூணடுக்குத் துணி. நட்டநடு மத்தியானமும் ரூம் கும்முனு இருக்கும். ஏசி போட்டா குளிர் நிக்கும். தெருச் சத்தம்கூட கொஞ்சம் குறையும். ராத்திரி வேலைக்குப் போறவங்க எல்லாம் இததான் கேக்கறாங்க. இருட்டுன்னா உங்களுக்குப் பயமா மேடம்?

– பயமில்லண்ணே. எரிச்சல். இவர் வந்த முதல் வாரம் அந்தப் போர்வைய மறுபடி ஜன்னல்ல மாட்டினாரு, என்ன நடந்துச்சு தெரியுமா? நடு ராத்திரி முழிப்பு வந்து கைய நீட்டறேன், ஒரு ஆளு கிடக்கறான்! பதிமூணு வருஷமா இல்லாத ஆளு! கத்தினேன் பாருங்க, மேல் வீட்டுக்காரங்க இறங்கி வந்துட்டாங்க.

– வந்தவங்ககிட்ட என்ன சொன்னா தெரியுமா மாஸ்டர்? "ஒண்ணுமில்ல, என் வீட்டுக்காரர்தான்"னா. அவங்க என்னய மேலயும் கீழயும் பாத்துட்டுப் போறாங்க.

– வேற என்ன சொல்றது? நிஜத்தத்தான் சொன்னேன்.

– இந்தச் சின்ன விஷயத்த வச்சுக்கிட்டு அஞ்சு மாசம் வெளிச்சம் வெளிச்சம்னு உயிர வாங்கணுமா?

– அது மட்டும்னு யாரு சொன்னா? அண்ணே, இவர் கப்பலுக்குப் போற அழகு உங்களுக்குத் தெரியாது. முதல் தடவை போனப்ப நான் வாசல்ல நின்னு அழுதேன். கார் கதவ விடல. இவர் ஏர்போர்ட்டுக்கு லேட்டு. ஃப்ளைட் போயிருச்சு. கம்பெனிக்காரன் வாய்க்கு வந்தபடி பேசினான்.

– வேலையே போயிருக்கும் மாஸ்டர். மயிரிழையில தப்பிச்சேன்.

– அதுக்கப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சாரு. எப்பக் கிளம்பறோம்னு எங்கிட்ட சொல்றதே கிடையாது. விடியறதுக்கு முன்னால எழுந்து, செருப்பக் கையில எடுத்துக்கிட்டு, இருட்டோட இருட்டா போயிருவாரு. நான் எழுந்து பாத்தா தலைகாணி சில்லுனு இருக்கும். சக்கரை டப்பாவுக்கு அடியில ஒரு சீட்டு. "எழுப்ப மனசு வரல." பன்னெண்டு தடவை, அண்ணே. பன்னெண்டு சீட்டு. ஒரு எழுத்து மாறினதில்ல.

– நீ அழுவ. எனக்குப் பாக்க முடியாது. வேற என்ன பண்றது?

– அழுதா என்ன, கண்ணு கரைஞ்சா போயிரும்?

– விடு. பழைய கதை. அதான் வந்துட்டேனே. இதான் கடைசிக் கப்பல்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்?

– சொன்னீங்க.

– அப்புறம் என்ன?

– ஒண்ணுமில்ல. சொன்னீங்கன்னுதான் சொன்னேன்.

– சார், உயரம் எடுக்கணும், ஸ்டூல் போட இடம் வேணும். அலமாரிக்குப் பின்னால ஒரு பை இருக்கே, அத நகத்திக்கவா? அடேங்கப்பா, என்னா கனம்.

– தொடாதீங்க! விடுங்க, விடுங்க, நான் எடுக்கறேன். பழைய சாமான். ஸ்பேனர், அது இதுன்னு.

– கிழிஞ்சிறப் போகுதுன்னு பாத்தேன் சார். புதுப் பையா இருக்கே.

– பை புதுசு. சாமான் பழசு. நீங்க ஸ்டூல்ல ஏறுங்க.

– பழைய சாமான வீட்டுல வச்சுக்கிட்டு என்னங்க பண்றீங்க?

– குழாய் ரிப்பேர் பண்றேனே.

– நல்லா ஓடின குழாயத்தான் ரிப்பேர் பண்ணீங்க. இப்பச் சொட்டுது.

– வேற என்ன வேலை இருக்கு இங்க எனக்கு? நீ காலையில வேன எடுத்துக்கிட்டுப் போயிடற. மத்தியானம் ஒரு மணி நேரம் வந்துட்டு மறுபடி போயிடற. நான் இந்தச் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ராத்திரி தூங்கலாம்னு பாத்தா வெளிச்சம். பகலும் போச்சு, ராத்திரியும் போச்சு. பைத்தியம் பிடிக்குது எனக்கு.

– சார், உயரம் எண்பத்தி நாலு. கீழ ரெண்டு இஞ்ச் தொங்க விடலாமா?

– தொங்க விடுங்க. ஒரு பொட்டு வெளிச்சம் கீழ வழியா வரக்கூடாது.

– அண்ணே, அந்த வெள்ளத் துணியயும் காட்டுங்க.

– எதுக்கு? அளவு எடுத்தாச்சு, முடிஞ்சுது.

– பாக்கறதுக்கு என்னங்க தடை? பாக்கறேனே, கண்ணு இருக்கு.

– இது மெல்லிசு மேடம். கொசுவலைய விடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். வெளிய இருந்து பாத்தா உள்ள தெரியாது. உள்ள தெரு விளக்கு, நிலா எல்லாம் வடிகட்டின மாதிரி வரும். ரூமுக்குள்ள ஆள் நடமாட்டம் நல்லாவே தெரியும்.

– இதத்தான் கேக்கறேன்.

– மாஸ்டர், ஒரு கேள்வி. ஒருத்திக்கு வெளிச்சம் வேணும். சரி. வெளிச்சத்துல அவ தூங்கணுமா வேண்டாமா?

– தூங்கணும் சார்.

– இவ தூங்கறதில்ல! சத்தியமா. நான் புரண்டு படுத்துக் கண்ணத் திறந்தா, இவ அங்க கண்ணத் திறந்துக்கிட்டுக் கிடக்கறா. ஆந்தை மாதிரி என்னயே பாத்துக்கிட்டு. பத்து நாளா இதான் கதை. முந்தாநாள் சிக்னல்ல வேன நிறுத்திட்டு அப்படியே அசந்துட்டாளாம். பின்னால இருந்த பொடிசுங்கதான் கத்தி எழுப்பிருக்குங்க. நான் சொல்றது பொய்யான்னு கேளுங்க.

– பொய்யில்ல.

– பாத்தீங்களா? எனக்கும் தூக்கமில்ல, அவளுக்கும் தூக்கமில்ல. அப்புறம் இந்த வெளிச்சம் யாருக்கு? தெருவுக்கா? கறுப்பத் தைங்க மாஸ்டர். ரெண்டு பேரும் தூங்கறோம்.

– சரி சார். இன்னைக்கு திங்கள். புதன்கிழமை வெட்டிடறேன். சனிக்கிழமை வந்து மாட்டிடலாம்.

– சனிக்கிழமையா? ஆகாது. வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள மாட்டணும்.

– கையில ஒரு கல்யாண மண்டப வேலை இருக்கு சார். ரெண்டு நாள் முன்னப்பின்ன.

– முன்னப் பண்ணுங்க. பின்னப் பண்ணாதீங்க. வியாழக்கிழமை.

– அஞ்சு மாசம் பொறுத்தவரு, ரெண்டு நாள் பொறுக்க மாட்டீங்களா?

– மாட்டேன். ஒரு மனுஷன் தூங்கணும்னு கேக்கறது தப்பா? உலகத்துல எவனாவது தூங்கறதுக்கு இவ்வளவு பாடுபடுவானா? வியாழக்கிழமை மாட்டலன்னா ஆர்டரே வேண்டாம்.

– சரிங்க. கத்தாதீங்க. அண்ணே, வியாழக்கிழமையே மாட்டிடுங்க. மண்டபக்காரங்ககிட்ட எதாவது சொல்லிச் சமாளிங்க.

– ஹா! பாத்தீங்களா? ஒத்துக்கிட்டா. கடைசியில ஒத்துக்கிட்டா! இத முதல்லயே சொல்லிருந்தா இவ்வளவு தொண்டத்தண்ணி வத்திருக்குமா?

– அப்ப எழுதிக்கறேன் சார். அகலம் அறுபத்தி மூணு, உயரம் எண்பத்தி நாலு, தொங்கல் ரெண்டு. கறுப்பு, மூணடுக்கு. வியாழக்கிழமை சாயங்காலம்.

– கறுப்பு இல்லண்ணே. வெள்ளை. அந்த மெல்லிசு.

– ஏய்! இப்பத்தானே ஒத்துக்கிட்ட?

– வியாழக்கிழமைக்கு ஒத்துக்கிட்டேன். துணிக்கு ஒத்துக்கல.

– என்னத்துக்கு உனக்கு இந்தப் பிடிவாதம்? பத்து நாளா நீயே பொட்டுக் கண்ணு மூடல...

– பத்து நாளா. சரியா எண்ணியிருக்கீங்க. அலமாரிக்குப் பின்னால அந்தப் பை வந்தும் பத்து நாளாச்சு.

– அது... அதான் சொன்னேனே. ஸ்பேனர்...

– மழைச்சட்டை. ரெண்டு ஜோடி ஷூ. பாஸ்போர்ட். வெள்ளிக்கிழமை விடிகாலை நாலு மணிக்குக் கார்னு கம்பெனி அனுப்பின பேப்பர். துணி மடிச்சு வைக்கறப்ப ஜிப்பு திறந்து கிடந்துச்சு, பாத்தேன்.

– மேடம், நான் வேணும்னா வெளிய நிக்கறேன்...

– இருங்கண்ணே. உங்ககிட்ட மறைக்க இனி என்ன இருக்கு? சைடு பாக்கெட்டுல சீட்டும் எழுதி ரெடியா வச்சிருக்காரு. "எழுப்ப மனசு வரல." ஏங்க, பத்து நாளைக்கு முன்னாலயே மனசு வரலையா?

– இந்தா... கேளு. எட்டே மாசம்தான். இங்க நான் உக்காந்து என்ன பண்றேன் சொல்லு. சொல்லணும்னுதான் இருந்தேன். உன் மூஞ்சியப் பாத்தா வாய் வரல.

– நான் போக வேண்டாம்னு சொன்னேனா?

– சொல்லல.

– அழுதேனா?

– இல்ல. அப்புறம் எதுக்கும்மா இன்னும் வெளிச்சம் வெளிச்சம்னு என் உயிர வாங்கற?

– அண்ணே, வெள்ளையே தைங்க. இந்த ஒரு தடவையாவது இவர் செருப்பக் கையில எடுத்துக்கிட்டுப் போறத நான் கண்ணால பாக்கணும்.