இருட்டில் பிடித்த கை

ஓடுகிறேன். வலது கையில் ஒரு சின்னக் கை. காதில் விசில் மாதிரி ஒரே சத்தம். வேறு எதுவும் கேட்கவில்லை. தெரு முழுக்கப் புகை. ஒரு விளக்குகூட எரியவில்லை. காலடியில் கண்ணாடி நொறுங்குகிறது. வளையல் கடைக் கண்ணாடி.

சனிக்கிழமை. மாலை ஆறு நாற்பது. கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைச் சற்று முன்னால்தான் பார்த்தேன். எனக்கு ஒன்பது வயது.

யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிறார்கள். எங்கள் மாடி வீட்டு ஃபோர்மேன் சார். முதலில் வாய் அசைகிறது. பிறகுதான் குரல் வருகிறது.

"பஸ்ஸுக்கு ஓடுங்க! திரும்பிப் பார்க்காதீங்க!"

திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினேன்.

நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸ்காரர்கள். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. அந்த வருடம் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து சுற்றுலா போனோம். வடக்கே ஒரு பெரிய ஊர். ரயிலில் போய், அங்கே ஒரு பஸ் பிடித்துக்கொண்டோம். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த ஊர்க்காரர்களும் அன்று செத்தார்கள். அந்த ஊரின் மேல் எனக்குக் கோபமில்லை.

எங்களோடு ஏழுமலை அண்ணனும் வந்திருந்தார். பருத்திப்பட்டுக்காரர். குவார்ட்டர்ஸுக்குப் பால் ஊற்றுபவர். எருமைகளைப் பார்த்துக்கொள்ள மனைவியை விட்டுவிட்டு, மகள் பவித்ராவை மட்டும் அழைத்து வந்திருந்தார். பவித்ராவுக்கு ஆறு வயது. என் தங்கை நித்யாவுக்கும் ஆறு.

அம்மாவும் மற்றப் பெண்களும் வளையல் கடைக்குள் இருந்தார்கள். அப்பாவும் ஏழுமலை அண்ணனும் வேறு தெருவுக்குப் போயிருந்தார்கள். கடைவாசல் படியில் நாங்கள் மூன்று பேர். இடத்தை விட்டு நகரக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். நித்யாவின் கையை நான் பிடித்திருந்தேன்.

தெருக்கோடியில் முதல் குண்டு. அந்தச் சத்தம் எனக்கு நினைவில்லை. தரை தூக்கிப் போட்டது நினைவிருக்கிறது. விழுந்தேன். கை விட்டுப்போனது. எழுந்து இருட்டில் துழாவினேன். ஒரு கை கிடைத்தது. பிடித்தேன். ஓடினேன்.

இரண்டு தெரு தள்ளி எங்கள் பஸ் நிற்கிறது. அங்கே விளக்கு இருக்கிறது. படியேறித் திரும்புகிறேன்.

பவித்ரா நிற்கிறாள்.

இறங்கி ஓடப் பார்த்தேன். டிரைவர் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கடித்தேன். அவர் விடவில்லை. கடையின் பின்வாசல் வழியாக வந்த பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். அம்மா வந்தாள். என்னைப் பார்த்தாள். என் பின்னால் பார்த்தாள். அப்போது இரண்டாவது குண்டு. அது நன்றாகக் கேட்டது. பெரிய இரும்புக் கதவைக் கீழே போட்டதுபோல.

இரண்டுக்கும் நடுவே பதினோரு நிமிடம் என்று பிறகு சொன்னார்கள். எதிர்க்கடைக்காரர் அப்பாவிடம் சொன்னார். ஒரு சின்னப் பெண் படியிலேயே நின்றாளாம். காயம் எதுவும் இல்லையாம். வா வா என்று அவர் கூப்பிட்டாராம். நித்யாவுக்கு இந்தி தெரியாது. அம்மா சொன்னபடி நகராமல் நின்றிருக்கிறாள்.

அன்று பஸ்ஸிலேயே ஏழுமலை அண்ணன் என் காலைத் தொட்டார். "எம் புள்ளைய இட்டாந்து குட்த்துட்டியே கண்ணு," என்றார். எல்லோரும் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தங்கையைத் தேடிக் கிடைக்காமல் பக்கத்தில் இருந்த குழந்தையைக் காப்பாற்றியவள் என்று ஆனேன். பள்ளியில் காலை வணக்கத்தில் மேடையேற்றிக் கை தட்டினார்கள். கைதட்டல் ஆரம்பித்ததும் மேடையிலேயே சிறுநீர் கழித்துவிட்டேன்.

இருபது வருடம் ஆகிறது. திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறேன். உட்காரும் முன் குனிந்து இருக்கைக்கு அடியில் பார்ப்பேன். இடது காது கேட்காது. கரன்ட் போனால் வீட்டில் இருப்பவர்களைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். கணவருக்குப் பழகிவிட்டது. மகளுக்கு நான்கு வயது. ரோட்டைக் கடக்கும்போது முதலில் அவள் முகத்தைப் பார்ப்பேன். பிறகுதான் கையைப் பிடிப்பேன். ஒருநாள் அவளும் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். அன்று ரொம்ப நேரம் அழுதேன்.

போன தை மாதம் பவித்ரா கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். மணமேடைக்கு நான்தான் அவள் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டுமாம். அவள் அப்பாவின் ஆசை. அன்றைக்குக் கூட்டி வந்த பிள்ளைதான் இன்றைக்கும் கூட்டி வர வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாராம்.

என்னால் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னேன். நான் உன்னைக் காப்பாற்றவில்லை. நித்யா என்று நினைத்து உன்னைப் பிடித்துவிட்டேன். ஆள் மாறிவிட்டது.

அவள் பத்திரிகைக் கட்டைக் கீழே வைத்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்க்கா. நீ நித்யா, நித்யான்னு கூப்டுகினேதான் ஓடுன. நான் நித்யா இல்லன்னு சொன்னா கைய வுட்டுடுவியோன்னு பயந்துகினு வாயே தொறக்கல."

நான் கூப்பிட்டது எனக்கே கேட்டிருக்கவில்லை.

அவளும் இருபது வருடம் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் என் அம்மாவின் கண்ணில் படாமல் போவாளாம். அவள் ஏன் ஒளிகிறாள் என்று சின்ன வயதில் எனக்குப் புரிந்ததில்லை.

அந்த வாரமே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். பிறகு இரண்டு வாரம் என் ஃபோனை எடுக்கவில்லை.

கல்யாணம் நசரத்பேட்டையில் ஒரு மண்டபத்தில். அம்மா வந்தாள். நித்யா போனதிலிருந்து அவள் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை. வெளியே ஆயிரம் வாலா வெடித்தார்கள். நான் நடக்காமல் நின்றுவிட்டேன். பவித்ரா தானே என் கையைப் பிடித்தாள். மேடைக்கு அவள்தான் என்னை அழைத்துப் போனாள் என்று சொல்ல வேண்டும். அம்மா அட்சதை போட்டாள். சாப்பிட்டாள். என்னோடு பேசவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் வலது பக்கம் உட்கார்ந்தாள். பூந்தமல்லி தாண்டியதும் கேட்டாள்.

"அவ பேரைச் சொல்லிக்கிட்டா ஓடினே?"

"பவித்ரா அப்படித்தாம்மா சொன்னா."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆவடி வரும் வரை திரும்பவில்லை. இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அந்தத் தெருவில் செத்தவர்கள் பல பேர். அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர்களை மட்டும் எழுதுகிறேன். எங்கள் பஸ்ஸில் திரும்பி ஏறாதவர்கள் மூன்று பேர். ஃபோர்மேன் சார். எங்களையெல்லாம் விரட்டிவிட்டு, யாராவது மிச்சம் இருக்கிறார்களா என்று பார்க்கப் போனவர். ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. கேன்டீன் சரோஜா அக்கா. அவர் வாங்கிய வளையல்களில் ஒன்றுகூட உடையாமல் பொட்டலத்தோடு கிடைத்தது. மூன்றாவது என் தங்கை நித்யா. ஒன்றாம் வகுப்பு, பி பிரிவு. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. ஒன்று அப்போதுதான் முளைக்க ஆரம்பித்திருந்தது.