அப்பாவின் வண்டியில் என் போன்

என் பெயரும் விலாசமும், ஒன்பது நாட்களுக்கு முன் இதே காவல் நிலையத்தில் நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. வயது பத்தொன்பது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். அந்த வாக்குமூலத்தில் உண்மை இவ்வளவுதான். மற்றதைத் திருத்திச் சொல்ல நானாகவே வந்திருக்கிறேன்.

ஐந்து மாதங்களுக்கு முன் எனக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்தது. அதன் பிறகு என் சித்தி தன் பழைய காரை எனக்குக் கொடுத்தார். அதற்கு இன்சூரன்ஸ் கேட்டு ஏழு கம்பெனிகளுக்குப் போன் செய்தேன். வயதையும் உரிமம் வாங்கிய தேதியையும் சொன்னதும் ஏழு பேரும் கார் விலையைவிட அதிகம் கேட்டார்கள். "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று அப்பா சிரித்தார். எட்டாவது கம்பெனி, போனில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டு ஓட்டச் சொன்னது. வேகம், திடீர் பிரேக், திருப்பம் எல்லாவற்றையும் பார்த்து அது மதிப்பெண் போடும். மாதாமாதம் தொண்ணூறுக்கு மேல் இருந்தால் கட்டணம் பாதி. முதல் வாரம் எனக்கு நாற்பத்தொன்று வந்தது.

என் அப்பா பதினெட்டு வருடமாகப் பிரேத ஊர்தி ஓட்டுகிறார். "என் வண்டியில வர்றவங்க யாருக்கும் அவசரம் கிடையாது" என்பார். நாற்பத்தொன்று வந்த பிறகு நான் தினமும் காலையில் அந்த வண்டியைத் துடைக்க உதவுவதுபோல் போய், அவர் சீட்டுக்கு அடியில் என் போனை வைத்துவிட்டு வேலைக்குப் போய், மாலையில் எடுத்துக்கொண்டேன். மகளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அவர் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மாத முடிவில் தொண்ணூற்றெட்டு வந்தது. கம்பெனியிலிருந்து பேசிய பெண், "தினமும் கல்லறைக்குப் போறீங்களே, வீட்ல அடுத்தடுத்து ஏதும் துக்கமா?" என்று கேட்டார். என் வேலை அங்கேதான் என்றேன். கம்பெனி அனுப்பிய பாராட்டுக் கடிதத்தை அப்பா பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு, டீ குடிக்கும் இடத்தில் எல்லோரிடமும் நீட்டினார். "என்னை மாதிரியே ஓட்டுறா" என்றார்.

சம்பவ நாளன்று வேலைக்கு நேரமாகிவிட்டதால் வேகமாகப் போனேன். பள்ளிக்கூடச் சந்திப்பில் எனக்குச் சிவப்பு விழுந்திருந்தது, நான் நிற்கவில்லை. குறுக்கே வந்த ஸ்கூட்டரில் மோதினேன். அதை ஓட்டிவந்த தையல்கார அக்கா விழுந்து, கால் திரும்பிக் கிடந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட என்னிடம் போன் இல்லை. அவர் போனை எடுத்தேன், பூட்டியிருந்தது. படுத்தபடியே அவர்தான் விரலால் கோடு போட்டுத் திறந்து கொடுத்து, "பயப்படாதம்மா" என்றார். அதன் பிறகு மயங்கிவிட்டார்.

அதன் பிறகு நிலையத்தில், அந்த அக்காதான் சிவப்பில் வந்தார் என்று சொன்னேன். அப்பா பர்ஸிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். வேறு சாட்சி இல்லாததால் அந்த அக்காமேல் வழக்குப் பதிவானது. அவருடைய ஆஸ்பத்திரிச் செலவைத் தர முடியாது என்று என் இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லிவிட்டது. எட்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரக்கப்பட்டுப் போகவில்லை, அவருக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன். அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. காலில் கம்பி போட்டிருந்தார்கள். நான் யாரென்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிவப்பைக் கவனிக்காம நான்தான் வந்துட்டேனாம். சின்னப் பொண்ணு, உனக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? மன்னிச்சுக்கம்மா" என்றார்.

பரவாயில்லைக்கா என்று சொன்னேன். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. அங்கிருந்து நேராக வீட்டுக்குப் போய், இன்னொரு கையெழுத்து பாக்கி இருக்கிறது என்று சொல்லி அப்பாவை அழைத்துக்கொண்டு இங்கே வந்தேன்.

அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். என் வாயால் அவரிடம் சொல்ல எனக்குத் துணிவில்லை. அவரை உள்ளே கூப்பிட்டு இதை வாசித்துக்காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். வாசித்து முடியும்வரை நான் வெளியே போகமாட்டேன்.

மேலே உள்ளதை வாசிக்கக் கேட்டேன். எழுதியிருப்பது நான் சொன்னதே, சொன்னது நடந்ததே.

(ஒப்பம்)