பேடா டப்பா

அந்த ஸ்வீட் டப்பாவ டீப்பாய்ல வைக்காதீங்க சார், மடிலயே வச்சுக்கிடுங்க. போறப்ப மறந்துருவீங்க. ராமநாதன் சாரு லீவு நாள்ல ஔந்த்ல இருந்து சிஞ்ச்வட்ல என் வீடு வரைக்கும் கார எடுத்துட்டு வந்திருக்கீங்கன்னா சும்மாவா வருவீங்க? ஆஸ்பத்திரில பாத்தா மராத்தி, இல்லன்னா இங்கிலீஷு. இங்க வந்ததும் எப்படி இருக்கீங்க ஜெபமணி சிஸ்டர்னு தமிழு! பர்சனல் மேனேஜருக்குக் காரியம் ஆகணும்னாத்தான் தமிழ் வரும்போல.

தண்ணி வேணும்னா தாரேன். காப்பி கேக்காதீங்க.

நீங்க குடுத்த காகிதத்தப் படிச்சாச்சு. மாஃபிநாமான்னு அழகா பேரு, மன்னிப்புக் கடுதாசி. என் தப்பாலதான் பேஷண்டுக்கு டோஸ் அதிகமாச்சுன்னு நர்ஸ் ஜெனிபர் கையெழுத்துப் போடணும். நர்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி நானு, அவளுக்கு புத்தி சொல்லிப் போட வைக்கணும். அவ்வளவுதானே? அவ ஏன் சார் போடணும்? போன ஞாயித்துக்கிழமை மத்தியானம், முப்பத்திரண்டு பெட்டுக்கு அவ ஒருத்தி. டாக்டரு லோனாவ்லால கல்யாண வீட்டுல நின்னுக்கிட்டு போன்ல பத்து மில்லிகிராம் குடுன்னாரு. அவ நோட்ல பத்துன்னு எழுதி, டைம் போட்டு, ஊசியப் போட்டா. இப்ப பேஷண்டு மூச்சுத் திணறி ஐ.சி.யூ.ல கிடக்காரு. டாக்டரு நான் அஞ்சுதான சொன்னேன்ங்காரு.

போன்ல சொல்லுதத ரெண்டு நர்ஸ் கேக்கணும்னு ரூலா? எனக்கே ரூல் சொல்லித் தாரீங்களா? ரெண்டாவது நர்ஸ் எங்க சார்? அவள வி.ஐ.பி. வார்டுக்கு அனுப்பினது உங்க ஆபீஸ்தான. மறுநா காலைல டாக்டரு வந்து அந்த நோட்ல கையெழுத்துப் போடணும்னும் ரூல் இருக்கு. ஆறு மாச நோட்டப் புரட்டிப் பாருங்க. ஒரு கையெழுத்து கிடையாது. அதுக்கு மாஃபிநாமா யாரு எழுதுவா?

என்னது, எழுதிக் குடுத்தா வேலை போகாதா? சின்னதா ஒரு மெமோ, அத்தோட முடிஞ்சிருமா? இந்தப் பேச்ச நான் ஏற்கெனவே கேட்டிருக்கேன் சார்.

அந்தோணியம்மாள ஞாபகம் இருக்கா? பன்னெண்டு வருசம் ஆச்சு, தொண்ணூத்திரண்டுல, மெட்டர்னிட்டி வார்டுல இருந்தாளே. ஞாபகம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. அதுவும் போன்ல சொன்ன ஊசிதான். சின்ன மெமோதான்னு சொல்லித்தான் அவகிட்டயும் எழுதி வாங்கினீங்க. மூணே வாரத்துல வெளிய தள்ளிட்டீங்க. வேற ஆஸ்பத்திரில இருந்து அவளப் பத்தி விசாரிச்சாங்கன்னா, அந்தக் காகிதத்துக்கு ஒரு நகல் எடுத்து அனுப்பினீங்க. புனேல ஒருத்தரும் அவள நர்ஸா எடுக்கல. இப்ப கராடி பக்கம் ஒரு நர்சிங் ஹோம்ல ஆயாவா இருக்கா. மூணு வருசம் நர்சிங் படிச்சவ, பெட்பேன் கழுவுதா.

அந்தக் காகிதத்தோட ஜெராக்ஸ் என்கிட்ட இருக்கு. இந்தா பாருங்க. நீங்க இன்னைக்குக் கொண்டுவந்தத பக்கத்துல வைங்க. பேரும் தேதியும்தான் வேற. புதுசா நாலு வரி எழுதக்கூட உங்களுக்கு சோம்பல்.

எந்திரிக்காதீங்க சார். இன்னும் கொஞ்சம் கீழ பாருங்க, சாட்சின்னு ஒரு கையெழுத்து இருக்கு. படிங்க. ஆமா, என்னோடதுதான். அப்ப நான் அந்த வார்டுக்கு இன்சார்ஜ் சிஸ்டர். போடு பிள்ள, ஒண்ணும் ஆகாது, அக்கா நான் இருக்கேன்லன்னு சொல்லி அவ கைல பேனாவக் குடுத்ததும் நான்தான். அன்னைக்கு அவ்வளவு நல்லா முடிச்சுக் குடுத்தேன்ல, அதான இன்னைக்கும் நேரா என் வீட்டுக்கே வந்திருக்கீங்க?

நாளைக்கு என்கொயரில ரெண்டு காகிதத்தையும் வைக்கப் போறேன். என் கையெழுத்த மறைக்காமதான். தெரியும் சார், என் பேரும் சேந்துதான் நாறும். ரிட்டயர் ஆக எட்டு மாசம் இருக்கு, நாறட்டும். காலைலயே ஜெனிபர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவ என் மூஞ்சியப் பாக்கல.

செருப்பு அந்தப் பக்கம் கிடக்கு. டப்பாவ எடுத்துக்கிடுங்க. அன்னைக்கும் நீங்க பேடாதான் கொண்டுவந்தீங்க. கையெழுத்துப் போட்டுட்டு அந்தோணியம்மா வெளிய பெஞ்சுல உக்காந்து அழுதுக்கிட்டிருந்தா. நான் உங்க ரூம்ல உக்காந்து ரெண்டு தின்னேன்.